பூஜை முடிந்ததும் எடுக்கணும்

செப்டம்பர் 8, திங்கள்

இறால் கம்பெனியில் புரோகிராமராகச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. இங்கே எனக்கு எது உறுத்துகிறது என்று இன்றுதான் புரிந்தது. இங்கே எதுவுமே கெட்டுப்போவதில்லை. அதுதான் உறுத்துகிறது.

இறாலை உறைய வைக்க அமோனியா வேண்டும். குழாய்க்குள் இருக்கும்வரை அது நல்ல பிள்ளை. வெளியே வந்தால் கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும், அதிகம் வந்தால் ஆளையே கொன்றுவிடும். அதனால் கம்ப்ரஸர் ரூம், ஐஸ் ரூம், இறால் உரிக்கிற பீலிங் ஹால், மூன்று இடத்திலும் சுவரில் சென்சார் மாட்டியிருக்கிறார்கள். காற்றில் அமோனியா எவ்வளவு என்று அவை சொல்லிக்கொண்டே இருக்கும். எங்கள் புரோகிராம் அதைக் கேட்டுத் திரையில் எண்ணாகக் காட்டும். அளவு மீறினாலும் சைரன் ஊதும், சென்சார் பதில் பேசாமல் போனாலும் ஊதும். பீலிங் ஹாலில் உட்கார்ந்து உரிக்கிற பெண்களில் என் தங்கை டெல்ஃபினும் ஒருத்தி. ஆக, அந்த சைரன் எனக்குச் சொந்தக்காரி மாதிரி.

ஒரு வருடமாக அது ஊதவே இல்லையாம். பிழைகள் பதிவாகிற கோப்பைத் திறந்து பார்த்தேன். காலி. வாசலில் நிறுத்திய சைக்கிளின் மணி ஆறு மாதத்தில் துருப்பிடித்து ஊமையாகிற ஊர் இந்தத் தூத்துக்குடி. இங்கே சுவரில் தொங்குகிற ஒரு கருவி வருடம் முழுக்க ஒரு தும்மல்கூடப் போடாமல் இருக்குமா?

மேனேஜர் திரவியம் சாரிடம் கேட்டேன். "அது நம்ம இசக்கிராஜ் எழுதுன புரோகிராம்லாம்மா. ஒரு வருஷமா ஒரு புகார் கிடையாது. ஓனரே பாராட்டுதாரு" என்றார்.

இசக்கிராஜ்தான் இங்கே மூத்த புரோகிராமர். என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும். டைரியில் 'அவன்' போதும். இன்டர்வியூவில் "உங்ககிட்ட உள்ள குறை என்ன?" என்று கேட்டான். "யாரையும் லேசுல நம்ப மாட்டேன்" என்றேன். குனிந்துகொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு இன்றுவரை அர்த்தம் தெரியவில்லை. அன்றைக்குப் போட்டிருந்தது பாசிப்பச்சைச் சட்டை.

செப்டம்பர் 11, வியாழன்

காலையில் வீட்டுக்குக் கேஸ் சிலிண்டர் வந்தது. மாட்டிய பிறகு சோப்புத் தண்ணீர் தடவி நுரை வருகிறதா என்று பார்த்தேன். பிறகு இன்னொரு தடவை பார்த்தேன். "ஏட்டி ரெக்ஸி, உன்னைக் கட்டிட்டுப் போறவன் பாவம்டி" என்றாள் அம்மா.

டீ நேரத்தில் இசக்கிராஜ் தன் வித்தை ஒன்றைக் காட்டினான். எனக்கே பின்னால் புரிய வேண்டும் என்பதற்காக எழுதி வைக்கிறேன்.

ஒரு புரோகிராமில் ஏதாவது தவறினால் அது கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டுக் கத்தும். அந்தக் கத்தலைப் பிடிக்க எங்காவது ஓர் இடம் வைப்போம். அதற்குப் பெயர் கேட்ச். அந்த இடம் வரும்வரை கத்தல் நடுவில் உள்ள எல்லாவற்றையும் தாண்டி நேராக மேலே ஏறும். தவறு நடந்தால் மட்டுமே கத்த வேண்டும் என்றுதான் எல்லோரும் படித்திருக்கிறோம். இவன் செய்தி சொல்லவும் கத்தலையே பயன்படுத்துகிறான். அமோனியா அளவு மீறினால், 'மீறிவிட்டது' என்ற செய்திக்குப் பிழை வேடம் போட்டுக் கத்த விடுகிறான். அது அடுக்கடுக்கான வேலைகளை ஒரே தாவில் தாண்டி சைரன் முன்னால் போய் நிற்கிறது.

"இப்படிச் செய்யக் கூடாதுன்னுதானே எல்லாப் புத்தகத்துலயும் போட்டிருக்கு?" என்றேன்.

"அது தாவத் தெரியாதவியளுக்குப் போட்டது மேடம்."

அழகாகத்தான் இருந்தது. அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை. அழகான கோட் எழுதுகிறவன் அதைப் பிறர் பார்த்து மெச்ச வேண்டும் என்று எழுதுகிறான். நாளைக்கு அதைப் பழுது பார்க்கப் போகிறவளை அவன் நினைப்பதில்லை.

டீயை மோந்து பார்த்துவிட்டுக் குடித்தேன். அதையும் கவனித்துவிட்டான். "விஷம் இல்ல மேடம், இஞ்சிதான்."

செப்டம்பர் 17, புதன்

மெரூன் சட்டை. கேட் பக்கம் நின்று டெல்ஃபினிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். அவள் சிரித்தாள். வீட்டில் என்ன விஷயம் என்றேன். "சும்மா" என்றாள். சும்மா என்றால் சும்மா இல்லை.

செப்டம்பர் 24, புதன்

அறிக்கைகள் தயாரிக்கிற பகுதி மட்டுமே என் கையில். சென்சார் பகுதிக்குத் தனிப் பூட்டு, சாவி அவனிடம். ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம். ஆனால் கேட்டால் உஷாராகிவிடுவான். கேட்காமல் கவனிப்பதுதான் என் வழக்கம்.

இன்று கவனித்தவை: மதியம் தயிர்சாதம், மோர்மிளகாய். போனில் யாரிடமோ "இன்னும் எடுக்கல, எடுக்கணும்" என்றான். நான் உள்ளே நுழைந்ததும் பேச்சை மாற்றினான். சட்டை, வெள்ளையில் மெல்லிய கோடு.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

வரிசையாக எழுதுகிறேன்.

கம்பெனியில் ஆயுத பூஜை என்றால் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களும் சேர்ந்து செய்வதுதான். நானும் டெல்ஃபினும் நேற்று வாழைக்கன்று கட்டினோம், இன்று ஜெபமாலை சொல்லிவிட்டுப் பொரியை எதிர்பார்த்துப் போனோம். பூஜை நேரத்துக்குக் கம்ப்ரஸர்களை நிறுத்தினார்கள். ஆபரேட்டர் பால்துரை அண்ணன் ஒவ்வொரு கருவியாகத் துடைத்துப் பொட்டு வைத்தார். ஸ்பானர், தராசு, பிரிண்டர், கடைசியில் சென்சார்களும் வந்தன. மூன்றையும் சுவரிலிருந்து கழற்றி, ஒயரைப் பிடுங்கி, துணியால் துடைத்து, வாழையிலையில் படுக்க வைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார். பக்கத்தில் ஒரு பூசணிக்காய்.

எனக்கு உடனே தோன்றியது, இப்போது சைரன் அலறப் போகிறது என்று. ஒயர் பிடுங்கிய சென்சார் பதில் பேசாது, பேசாவிட்டால் ஊத வேண்டும். காதைப் பொத்தத் தயாராக நின்றேன்.

ஊதவில்லை.

மெல்ல நகர்ந்து கன்ட்ரோல் ரூமுக்குப் போனேன். திரையில் மூன்று இடமும் பச்சை. கம்ப்ரஸர் ரூம் ஏழு. ஐஸ் ரூம் ஐந்து. பீலிங் ஹால் நான்கு. பக்கத்தில் கடிகாரம் நொடி நொடியாக ஓடிக்கொண்டிருக்கிறது. சென்சார்கள் அங்கே சரஸ்வதி படத்துக்கு முன்னால் பொரிகடலைக்குப் பக்கத்தில் படுத்திருக்கின்றன. அவை மோந்து பார்க்காத காற்றைப் பற்றி இந்தத் திரை எனக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறது.

போனில் படம் எடுத்தேன். வெறும் சுவர் ஒன்று, பச்சைத் திரை ஒன்று. திரும்பினால் வாசலில் இசக்கிராஜ், கையில் பிரசாதத் தட்டு. நான் படம் எடுத்ததைப் பார்த்தான். "சுண்டல் தீரப் போவுது, வாங்க" என்றான். பட்டு வேட்டி, சந்தனக் கலர் சட்டை.

யாரிடமும் சொல்லவில்லை. படம் அவ்வளவு தெளிவாக இல்லை. ஆதாரம் இன்னும் வேண்டும்.

அக்டோபர் 3, வெள்ளி

சென்சார்களைத் திரும்ப மாட்டிவிட்டார்கள். கம்ப்ரஸர் ரூம் எட்டுக்குப் போய் ஆறுக்கு வருகிறது. ஐஸ் ரூமும் ஏறி இறங்குகிறது. பீலிங் ஹால் நான்கு. மதியமும் நான்கு. ஷிப்ட் முடியும்போதும் நான்கு.

வீட்டில் சாளை மீன் குழம்பு. டெல்ஃபின் தட்டு நிறையச் சாப்பிட்டாள். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அக்டோபர் 4, சனி

பொறுமை போய் வாய்விட்டுக் கேட்டேன், சென்சார் பகுதியைப் பார்க்க வேண்டும் என்று. "கேட்டிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பேனே" என்று அந்த நிமிடமே பாஸ்வேர்டை அனுப்பிவிட்டான்.

இவ்வளவு சுலபமாகக் கொடுக்கிறான் என்றால் என்னவோ இருக்கிறது. தடயத்தை அழித்துவிட்டானா? என் பெயரில் நான் உள்ளே போனதாகப் பதிவாகட்டும், பிறகு பழியை என் மேல் போடலாம் என்றா? அப்படி நினைத்துக்கொண்டே உள்ளே போனேன்.

அக்டோபர் 6, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். ஒரே ஒரு வரி.

கத்தலைப் பிடிக்கிற கேட்ச் போலவே ஃபைனலி என்று ஓர் இடம் உண்டு. நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் கிளம்புவதற்கு முன் கட்டாயம் செய்ய வேண்டிய சில்லறை வேலைகளுக்கு அது. விளக்கை அணைப்பது, கதவைச் சாத்துவது மாதிரி. அங்கே நின்றுகொண்டு பதில் சொல்லக் கூடாது. ஏனென்றால் அங்கே சொல்கிற பதில்தான் கடைசிப் பதில். அதற்கு முன் உள்ளே யாராவது கத்தியிருந்தால் அந்தக் கத்தல் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். யாருக்கும் தெரியாது, எங்கும் பதிவாகாது.

அவன் ஃபைனலியில் பதில் சொல்லியிருக்கிறான். சென்சார் பேசாவிட்டால், கடைசியாகச் சொன்ன எண்ணையே திரும்பச் சொல்லிவிடு. பக்கத்தில் குறிப்பு, இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்: 'பூஜை முடிந்ததும் எடுக்கணும்.' போன வருட ஆயுத பூஜைத் தேதி.

பால்துரை அண்ணனிடம் போன வருடப் பூஜையைப் பற்றிப் பேச்சுவாக்கில் கேட்டேன். "அதுக்கு முந்துன வருஷம் தீபாராதனை காட்டும்போது சைரன் ஊதிட்டும்மா. ஓனரு சென்னையிலருந்து வந்திருந்தாரு. பிள்ளைய எல்லாம் ஓடி, ஈரத்துல ஒருத்தி வழுக்கி கைய ஒடிச்சிட்டா. பெரிய அசிங்கமாப் போச்சு. அதுக்குப் பொறவு எந்தப் பூஜையிலயும் ஊதல" என்றார்.

ஆக, பூஜையில் சத்தம் வரக் கூடாதென்று அன்றைக்கு மட்டும் போட்ட வரி. பூஜை முடிந்தது. அடுத்த பூஜையும் முடிந்துவிட்டது. சும்மா மறந்துவிட்டானா? அவ்வளவு மறதிக்காரன் இல்லை அவன். போன மாதம் நான் எந்தத் தேதியில் லீவு போட்டேன் என்றுகூட அவனுக்கு நினைவிருக்கிறது.

அக்டோபர் 7, செவ்வாய்

நேற்று பார்த்தது பாதிதான்.

புரோகிராமை என் கம்ப்யூட்டரில் நகலெடுத்து, பொய் சென்சார் ஒன்று செய்து, அமோனியா முதலில் நான்கு, பிறகு நூறு என்று சொல்ல வைத்தேன். ஒரு ஹாலையே காலி செய்ய வேண்டிய அளவு. சைரன் ஊத வேண்டும்.

ஊதவில்லை. திரையில் நான்கு, பச்சை.

அப்புறம்தான் உறைத்தது. அளவு மீறியது என்ற செய்தியையும் அவன் கத்தலாகத்தானே அனுப்புகிறான்? அந்தத் தாவுகிற வித்தை. வழியில் ஃபைனலி இருக்கிறது. தன் கடைசிப் பதிலைச் சொல்லி அந்தக் கத்தலையும் விழுங்கிவிடுகிறது. ஒரு வித்தை இன்னொரு வித்தையைத் தின்றுவிட்டது. சென்சார் நன்றாக இருந்தாலும் பிரயோசனம் இல்லை. ஒரு வருடமாக அந்தக் கட்டடத்தில் சைரன் என்பது சுவரில் மாட்டிய ஒரு அலங்காரம்.

உடனே மேனேஜரிடம் போயிருக்கலாம். இன்னும் ஒரு தடவை சோதித்துவிட்டுப் போகலாம் என்று இருந்துவிட்டேன். அவன் வேலை போய்விடும் என்பதெல்லாம் இல்லை. அது என் கவலை இல்லை.

அக்டோபர் 8, புதன்

டெல்ஃபினுக்கு லேசாகச் சூடு இருக்கிற மாதிரி இருந்தது. வேலைக்குப் போக வேண்டாம் என்று வீட்டில் நிறுத்தினேன்.

அக்டோபர் 9, வியாழன்

இன்றும் நிறுத்தப் பார்த்தேன். தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"காய்ச்சல் எனக்கில்ல. உனக்கு என்ன ஆச்சு? ஹால்ல என்ன இருக்கு? சொல்லு."

சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லவில்லை, நான்கிலேயே நிற்கிற ஹால் சென்சார் செத்துவிட்டது, சைரனும் வேலை செய்யாது என்பதை மட்டும். எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டாள். பூஜையிலிருந்து சந்தேகம், செவ்வாயிலிருந்து நிச்சயம் என்றேன். டெல்ஃபின் எப்போதும் கத்திப் பேசுகிறவள். இன்று குரலையே உயர்த்தவில்லை.

"எனக்கு ஒருத்திக்குத்தான் மூச்சு இருக்கா யக்கா? கூட உக்காந்து உரிக்கிறவியளுக்கெல்லாம் என்ன இருக்கு?"

தலையைப் பின்னி, தொப்பியை எடுத்துப் பையில் வைத்தாள்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியவ நீ. நீ சொல்லுற வரைக்கும் அந்தச் செத்த சென்சாருக்குக் கீழதான் ஸ்டூலைப் போட்டு உக்காந்திருப்பேன்."

போய்விட்டாள். அம்மா என்ன சண்டை என்று கேட்டாள். சும்மா என்றேன்.

வெட்கமாக இருக்கிறது. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவள், என்னைச் சந்தேகப்பட மறந்துவிட்டேன்.

அக்டோபர் 10, வெள்ளி

நேற்று பகலெல்லாம் மேனேஜர் துறைமுகத்தில். இன்று காலை அவர் அறைக்கு இரண்டு தடவை போனேன், இரண்டு தடவையும் வெளிநாட்டு போன். கன்ட்ரோல் ரூமிலிருந்து கண்ணாடி வழியாகப் பீலிங் ஹால் தெரியும். சென்சாருக்கு நேர் கீழே டெல்ஃபின். வழக்கமாக அவள் உட்காருகிற இடம் அதுவல்ல. ஓர் இறாலை உரிப்பாள், தலையைத் தூக்கி என் கண்ணாடியைப் பார்ப்பாள், அடுத்ததை எடுப்பாள்.

இசக்கிராஜ் டீ கொண்டுவந்தான். மோந்து பார்க்காமல் வாங்கி வைத்துவிட்டு லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினேன். பொய் சென்சாரை ஓடவிட்டேன். நூறு. அமைதி.

முதலில் அவனுக்குப் புரியவில்லை. "சென்சார் பேசலைன்னா மட்டும்தானே அது வாயை மூடும்? அளவு கூடுனா ஊதணுமே" என்றான். தானே வரி வரியாக விரல் வைத்துப் படித்தான். விரல் ஃபைனலியில் வந்து நின்றது. முகத்தில் ரத்தமே இல்லை. நடிக்கிறானா என்று பார்த்தேன். நடிப்பில் உதடு அப்படி வெளுக்காது.

"என் தாவலையும் சேத்து முழுங்கிருக்கு" என்றான். "ஒரு வருஷமா."

"பீலிங் ஹால் சென்சார் வேற செத்துக் கிடக்கு. என்னைக்குச் செத்ததுன்னு உங்களுக்காவது தெரியுமா?"

தெரியாது என்று தலையை ஆட்டினான். "மேனேஜர்கிட்ட நானே சொல்லுதேன். சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க."

சாயங்காலத்துக்குள் அந்த வரி காணாமல் போகும், இவன் நல்லவனாகிவிடுவான், நான் பைத்தியக்காரி ஆவேன். அப்படித்தான் முதலில் நினைத்தேன். அப்புறம் கண்ணாடியைப் பார்த்தேன். டெல்ஃபின் தலையைத் தூக்கியிருந்தாள்.

ஓடிக்கொண்டிருந்த நிஜப் புரோகிராமிலேயே அந்த வரியை அழித்தேன். புரோகிராமை நிறுத்தித் திரும்ப ஓட்டினேன்.

சைரன் அலறியது. இவ்வளவு சத்தம் அதற்குள் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. திரையில் பீலிங் ஹால் சிவப்பு, 'பதில் இல்லை'. பெண்கள் கையுறையோடு எழுந்து முற்றத்துக்கு ஓடினார்கள். டெல்ஃபின் ஓடவில்லை. கதவருகில் நின்று ஒவ்வொருத்தியாக வெளியே தள்ளிவிட்டுக் கடைசியாக வந்தாள்.

திரவியம் சார் மூச்சு வாங்க வந்தார். "எங்கயும் வாடையே இல்லையே! யாரு பண்ணுன வேலை இது? கன்டெய்னர் நிக்குது வெளியே!"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் சொல்லிவிட்டான்.

"நான்தான் சார். போன வருஷம் பூஜைக்கு நான் போட்ட வரி, சைரனையே முழுங்கிருக்கு. கண்டுபிடிச்சது இவங்க."

சார் அவனைப் பார்த்தார். அந்தப் பார்வையைக் குறித்து வைக்கிறேன். கோபம் இருந்தது. கோபத்துக்குப் பின்னால் வேறு ஏதோவும் இருந்தது. மேலே ஒன்றும் பேசிவிடாதே என்கிற மாதிரி.

பால்துரை அண்ணன் ஹால் சென்சாரைப் பிரித்துக் காட்டினார். உள்ளே உப்புப் பூத்து, ஒயர் பொடியாக உதிர்ந்தது. மேலே பூஜைச் சந்தனம் உதிராமல் அப்படியே இருந்தது.

சட்டையைக் கவனிக்கவில்லை.

அக்டோபர் 15, புதன்

இசக்கிராஜைத் தீபாவளிக்கு முன்னாலேயே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். பையோடு கேட் வரை போனவனை நிறுத்திக் கேட்டேன், இனிமேல் கேட்க வாய்ப்பு வராது என்பதால்.

"பாஸ்வேர்டை ஏன் உடனே குடுத்தீங்க?"

"நீங்க பாப்பீங்கன்னுதான். எடுக்கணும் எடுக்கணும்னு எனக்கே நூறு தடவை சொல்லிக்கிட்டேன். ஒரு வருஷமா பாராட்டு வாங்குன வரியை எடுக்கத் தைரியம் வரல. அது வெறும் சென்சார் பழுதைத்தான் மறைக்குதுன்னு நினைச்சு மனசைத் தேத்திக்கிட்டேன். இன்டர்வியூல நீங்க யாரையும் நம்ப மாட்டேன்னீங்க பாத்தீங்களா? அப்பவே முடிவு பண்ணிட்டேன், இந்தப் பிள்ளையத்தான் எடுக்கணும்னு."

"பூஜைக்கு மறுநாளே எடுத்திருக்கலாமே?"

"எடுக்கத்தான் உக்காந்தேன். அப்பம்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். கேட்டால் சொல்லவில்லை. முழுதாகச் சொல்லாமல் போகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

டெல்ஃபினிடம் கேட் பக்கம் அன்று என்ன கேட்டான் என்று வீட்டில் விசாரித்தேன். "உங்க அக்காவுக்கு இஞ்சி டீ பிடிக்குமா, ஏலக்கா டீயான்னு கேட்டாரு. டீயை மோந்து பாக்காங்கள்லா, அதான்னாரு." அவ்வளவுதானா என்றேன். அவ்வளவுதான் என்றாள். ஒரு மாதிரிச் சிரித்தாள்.

அக்டோபர் 24, வெள்ளி

ஹாலில் புது சென்சார். தாவுகிற வித்தையையும் எடுத்துவிட்டு, எல்லோருக்கும் புரிகிற மாதிரி நேர்வழியில் எழுதிவிட்டேன். பார்க்க அழகாக இல்லை. பிழைக் கோப்பு இப்போது தினமும் நிறைகிறது. ஒயர் தளர்ந்தால் ஊதுகிறது, கரண்ட் போய் வந்தால் ஊதுகிறது. பெண்கள் எழுந்து எழுந்து முணுமுணுக்கிறார்கள்.

சாயங்காலம் திரவியம் சார் அழைத்தார். ஏசி அறை, டீ, பிஸ்கட். டீயை மோந்து பார்த்தேன்.

"அடுத்த மாசம் வெளிநாட்டுக்காரங்க பார்வையிட வாராங்கம்மா. அவங்க இருக்கும்போது இது கத்துனா மானம் போயிரும். அந்த ஒரு நாளைக்கு மட்டும், அந்தப் பையன் வச்சிருந்த மாதிரி ஏதாவது செஞ்சு வையேன். வந்துட்டுப் போனதும் எடுத்துரலாம்."

ஒரு நாளைக்கு மட்டும். எடுத்துரலாம். இசக்கிராஜ் சொல்லாமல் விட்ட மீதி இங்கே பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

"போன வருஷமும் மறுநாள் அவர் எடுக்க உக்காந்தப்போ, நீங்கதானே சார் இருக்கட்டும்னீங்க?"

நெற்றித் திருநீற்றைத் தடவிக்கொண்டார். "சத்தம் இல்லாம இருக்கு, நல்லாத்தானே இருக்குன்னு சொல்லிருப்பேன். அவன்தானேம்மா எழுதுனான்."

தான் மட்டும் செய்ததாகச் சொல்லிவிட்டுப் போனவன் மேல் எனக்குக் கோபம் வந்தது. அவன் இங்கே இருந்திருந்தால் திட்டியிருப்பேன். அவன் இல்லாததால் சாரிடம் சொன்னேன்.

"செய்யலாம் சார். ஆனா அந்த நாள் முழுக்க உங்க சேரை எடுத்துட்டுப் போயி, ஹால்ல சென்சாருக்குக் கீழ போட்டு உக்காரணும். என் தங்கச்சி உக்காந்த இடம் காலியாத்தான் இருக்கு."

முதலில் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் பிஸ்கட் தட்டை நகர்த்தி வைத்தார். "சரி, போ. அப்படியே இருக்கட்டும்" என்றார்.

நாளைக்கே வேறு ஆளைத் தேட ஆரம்பிப்பார் என்று சந்தேகம். தேடட்டும்.

நவம்பர் 5, புதன்

இன்று சைரன் உண்மையாக ஊதியது.

காலை ஷிப்ட் பாதியில். ஐஸ் ரூம் எண் இருபதைத் தாண்டி நாற்பதுக்கு ஏறிக்கொண்டிருந்தது. நான் எழுவதற்குள் சத்தம் வந்துவிட்டது. "இன்னைக்கும் ஆரம்பிச்சிட்டா" என்று யாரோ சலித்துக்கொண்டார்களாம். டெல்ஃபின் விடவில்லை. தொட்டியில் கை வைத்திருந்தவர்களைக்கூட இழுத்து வெளியே விட்டாள். எல்லோரும் முற்றத்து வேப்பமரத்தடிக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அந்த வாடை வந்தது. மூக்கில் ஊசி குத்துகிற மாதிரி. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. முணுமுணுத்தவர்கள் எல்லாம் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, ஐஸ் ரூமை ஒட்டிய ஹால் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவிடுக்கு வழியாக வெள்ளையாகப் புகை மாதிரி வந்தது.

பால்துரை அண்ணன் முகமூடி மாட்டிக்கொண்டு போய் வால்வை அடைத்தார். வெளியே வந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. டெல்ஃபின் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். இறால் வாடையோடு. நானும் அழுதேன். அமோனியாவால் என்று யாரிடமும் சொல்லவில்லை.

திரவியம் சார் வந்து தலைகளை எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கையைக் கூப்பினார்.

கேட்டுக்கு வெளியே ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. இசக்கிராஜ். அவன் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். சைரன் அங்கே வரைக்கும் கேட்குமாம். செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் போனேன்.

"நெசமா, பொய்யா?"

"நெசம். எல்லாரும் வெளிய வந்துட்டாங்க."

"எல்லாருமா?"

"எல்லாரும்."

நெற்றியைக் கம்பியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். நானும் நின்றேன்.

நீலக் கட்டம் போட்ட சட்டை. உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டிருந்தான். காலர் லேபிள் கழுத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது. ஓடி வந்தவன் கண்ணாடியைப் பார்த்திருக்க மாட்டான். சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை.

அந்தச் சட்டையைப் பற்றி மட்டும் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.